நாலாம் விரல்

இளவரசியின் வலது கை மோதிர விரல் முதன்முதலாக மடங்கிக்கொண்டது சென்னையில், ஓர் அரங்கத்து மேடையில், நானூறு பேருக்கு முன்னால். அப்போது அவளுக்கு வயது முப்பத்தாறு. பியானோவில் அவள் வாசித்துக்கொண்டிருந்தது இருபது ஆண்டுகளாகக் கையில் ஊறிப்போன ஒரு சொனாட்டா, பல பகுதிகள் கொண்ட நீண்ட இசைக்கோவை. அதில் வலது கை மட்டும் கடகடவென்று மேலேறிப் போகிற ஒரு வரி உண்டு. நடுவிரலை அடுத்து மோதிர விரல் கட்டையின் மேல் இறங்க வேண்டும். இறங்கவில்லை. உள்ளங்கையை நோக்கிச் சுருண்டது. அவள் நடுவிரலையே இரண்டு தடவை போட்டுச் சமாளித்தாள். கேட்டவர்கள் யாருக்கும் தெரியவில்லை. எழுந்து வணங்கியபோது நன்றாகவே கைதட்டினார்கள்.

பியானோ வாசிப்பவர்கள் மோதிர விரலை நாலாம் விரல் என்பார்கள். அது இயல்பிலேயே பலவீனமான விரல். களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பயிற்சி செய்தாள். ஒரு மாதத்தில் சுண்டு விரலும் சேர்ந்து மடங்கத் தொடங்கியது. விசித்திரம் என்னவென்றால், பியானோவை விட்டு எழுந்தால் கையில் ஒரு குறையும் இல்லை. சட்டைக்குப் பொத்தான் போடலாம், வெங்காயம் நறுக்கலாம், பேனா பிடிக்கலாம். கட்டையின் மேல் வைத்தால் மட்டும் சுருண்டது.

அவள் அவ்வளவு சுலபத்தில் அந்த மேடைக்கு வந்தவள் அல்ல. உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே இருக்கும் காலனியில் பிறந்தவள். அப்பா ஆல்பர்ட் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போனாள். இளவரசி கல்லூரியில் படிக்கும்போது அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். ஆறாம் வகுப்புக்கு இளவரசியைச் செங்கல்பட்டில் ஒரு கன்னியர் விடுதியில் சேர்த்திருந்தார்கள். அங்கே பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. மற்றவர்கள் ஐந்து வயதில் தொடங்குவதை அவள் பதினொன்றில் தொடங்கினாள். அந்த ஆறு வருட வித்தியாசத்தைத் தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்து ஈடுகட்டினாள். சென்னை, பிறகு உதவித்தொகையில் மூன்று ஆண்டுகள் ஹங்கேரி, திரும்பி வந்து மும்பை, புனே, கோவா, கொழும்பு என்று கச்சேரிகள். சென்னையில் ஓர் இசைப் பள்ளியில் ஆசிரியை வேலை. நோட்டீசுகளில் அவள் பெயர் எப்போதும் 'இளவரசி ஆல்பர்ட்' என்றுதான் வரும். அப்பா பெயரை வெட்டச் சொன்ன ஒரு அமைப்பாளரிடம் கச்சேரியையே வேண்டாம் என்றிருக்கிறாள்.

மூன்று மருத்துவர்களைப் பார்த்தாள். மூன்றாமவர் கை மருத்துவத்தில் தேர்ந்த ஒரு பெண்மணி. அவர்தான் நோய்க்குப் பெயர் சொன்னார்: டிஸ்டோனியா.

"உங்க விரல்ல ஒண்ணுமே இல்ல. மூளையில நாலாவது விரலுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல ஒரு வேலி இருக்கு. அளவுக்கு மீறி ஒரே வேலையைச் செஞ்சு செஞ்சு அந்த வேலி அழிஞ்சு போச்சு. ஒண்ணைக் கூப்பிட்டா ரெண்டும் வருது."

"வேலியைத் திரும்பப் போட முடியுமா டாக்டர்?"

"போடலாம். ஆனா ஒண்ணுமே தெரியாதவங்க மாதிரி முதல்லேர்ந்து கத்துக்கணும். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், அவ்வளவுதான். கச்சேரி கூடவே கூடாது. ரெண்டு வருஷம் ஆகலாம், அஞ்சு ஆகலாம். வராமலும் போகலாம்."

"பத்து நிமிஷத்துக்கு மேல வாசிச்சா?"

"பழைய தப்பையே கைக்கு மறுபடியும் சொல்லிக் குடுக்குறீங்க."

இசைப் பள்ளியின் இயக்குநர் வெங்கடேசன் நல்ல மனிதர். அவளை அறைக்கு அழைத்து உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். "இனிமே நீங்க தியரி கிளாஸ் மட்டும் எடுங்க இளவரசி. வாசிச்சுக் காட்ட வேண்டிய இடத்துல ஜூனியர் யாராவது வாசிக்கட்டும்."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"நிரந்தரமாவே இருக்கட்டுமே. மரியாதையான வேலைதானே?"

அவள் காபியைக் குடித்து முடித்தாள். அன்று சாயங்காலமே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, பள்ளி வாசலில் நின்றபடி அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"நைனா, நான் பியானோவோட வூட்டுக்கு வரேன்."

"அதுக்கு எம்மாம் எடம் வோணும்?"

"அஞ்சடி நீளம். ரெண்டடி அகலம். நான் உக்கார ரெண்டடி."

ஒரே ஒரு கூடம் உள்ள அரசு கட்டிக்கொடுத்த வீடு அது. போனை வைத்ததும் ஆல்பர்ட் கட்டிலைக் கழற்றி வெளியே போட்டார்.

பியானோவை ஏற்றி வந்த லாரி தெருமுனையில் நின்றுவிட்டது. குடிநீர்க் குழாய்க்காகத் தெரு நடுவே பள்ளம் தோண்டியிருந்தார்கள். கூட வந்த இரண்டு ஆட்களும் பள்ளத்தைப் பார்த்ததும் கையை விரித்தார்கள். ஆல்பர்ட் ஆலைக்குப் போய் பாண்டியனையும் இன்னும் ஐந்து பேரையும் அழைத்து வந்தார். பாண்டியன் அவருக்குப் பிறகு சுமைக் கோஷ்டிக்குத் தலைவனானவன்.

"இன்னா மாமா இது, பீரோவா?"

"பீரோ இல்லடா. உள்ள இருநூறு கம்பிக்கு மேல இறுக்கிக் கட்டிக்கீது. குலுங்கினா எல்லாம் போச்சு."

"எத்தினி கிலோ?"

"எரநூத்தி முப்பது," என்றாள் இளவரசி.

பாண்டியன் சிரித்தான். "மூணு மூட்ட. இதுக்கா ஆறு பேரு?"

தூக்கிப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. மூட்டை முதுகுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். இது எதற்கும் வளையவில்லை. அடியில் சவுக்குக் கழிகளைக் கொடுத்து, பழைய சாக்கைச் சுற்றி, வடக்கயிற்றால் கட்டினார்கள். மூட்டு தேய்ந்துபோன ஆல்பர்ட் முன்னால், அவர்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தார். "பள்ளம் வருது. வலது காலு எட்டி வையி. அப்பிடித்தான். எவனும் தனியா நிமிராத." எழுபது அடி தூரத்தைக் கடக்க அரை மணி நேரமாயிற்று. வாசலில் திருப்பும்போது கதவு நிலை இடித்தது. ஆல்பர்ட் யாரையும் கேட்கவில்லை. கடப்பாரையை எடுத்து நிலையைப் பெயர்த்துவிட்டார்.

"நைனா, கதவு?"

"கதவ நாளைக்கு வெச்சிக்கலாம். மொதல்ல இது உள்ள வரட்டும்."

மறுநாளிலிருந்து அவள் ஒரே ஒரு கட்டையை வாசித்தாள். நாலாம் விரலை வைப்பாள், அது சுருளப் பார்க்கும், எடுத்துவிடுவாள். மீண்டும் வைப்பாள். பத்து நிமிடம். ஒரு மணி நேரம் ஓய்வு. மறுபடி பத்து நிமிடம். இப்படி ஒரு நாளைக்கு ஆறு தடவை. கைபேசியில் அலாரம் வைக்கும் பொறுப்பை ஆல்பர்ட் எடுத்துக்கொண்டார்.

"அட்ச்சிட்ச்சி. கைய எடு."

"இன்னும் ஒரே தடவ நைனா. இப்பத்தான் சரியா வருது."

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்கோ?"

அவர் மூடியை இறக்கிவிடுவார். மகள் விரலை எடுக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் இறக்குவார். நாற்பது வருடம் மூட்டை தூக்கியவருக்கு, இடுப்பு போனவனெல்லாம் கடைசி ஒரு மூட்டையில்தான் போனான் என்பது தெரியும். அதை ஒருநாள் அவளிடம் சொல்லவும் செய்தார்.

காலனியில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வெளிநாட்டிலெல்லாம் வாசித்த பெண் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். இங்கே பார்த்தால் பாத்திரக் கடைக்காரன் தட்டிப் பார்ப்பதுபோல ஒரே சத்தம். குழாயடியில் ஒரு பெண் அவள் காதில் விழவே கேட்டாள்: "இதுக்கா அந்த சாமானத்த ஆறு பேரு தூக்கியாந்தாங்கோ?" இளவரசி குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். வந்து உட்கார்ந்து அன்றைய நாலாவது பத்து நிமிடத்தைத் தொடங்கினாள்.

ஐந்தாவது மாதம் நாலாம் விரல் ஒரு கட்டையில் தனியாக நின்றது. எட்டாவது மாதம் மூன்றாம் விரலிலிருந்து நாலுக்குப் போக முடிந்தது, மிக மெதுவாக. அப்போதுதான் அந்த சொனாட்டாவின் மேலேறும் வரியை எடுத்தாள். எட்டு எட்டு சுரங்களாகப் பிரித்து, நடக்கக் கற்கும் குழந்தையின் வேகத்தில் வாசித்தாள். ஆறாவது சுரத்தில் விரல் மடங்கும். நிறுத்துவாள். மறுபடி முதலிலிருந்து. ஆறாவது சுரத்தில் மடங்கும்.

ஒருநாள் மத்தியானம் எதிர்வீட்டுச் செல்லம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். நடவு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவள். நாற்பத்தைந்து வயது, கல்யாணமான ஒரு மகள் வாலாஜாபாத்தில்.

"எனக்கு இத்த கத்துக்குடு."

"எதுக்கு அக்கா? சர்ச்சுல வாசிக்கவா?" சர்ச்சில் கீபோர்டு வாசித்த ஜெகன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போனபின் அங்கே பாட்டுக்கு வாத்தியமே இல்லை.

"அதுக்கும்தான். ஆனா மூணு மாசமா நீ ஒரே எடத்துல வந்து நின்னுக்கினே கீற. அது வர சொகமா போவுது, அப்பறம் டக்குனு நிக்குது. களையெடுக்கறச்சகூட அதே காதுல கேக்குது. அங்க அப்பிடி இன்னாதான் கீதுன்னு எனக்குத் தெரியணும்."

இளவரசிக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்கு வந்த பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

செல்லம்மாளின் விரல்கள் கெட்டிப்பட்டிருந்தன. சுண்டு விரலைத் தனியாகத் தூக்கவே ஒரு வாரம் பிடித்தது. இளவரசி பழக்க தோஷத்தில் எல்லா மாணவர்களுக்கும் சொல்வதைச் சொன்னாள்: "அழுத்தாதீங்கக்கா. கையோட கனத்த விரல் மேல இறக்குங்க."

"கனத்த எங்கேந்து எறக்கறது?"

இளவரசி தன் கையையே திருப்பிப் பார்த்தாள். பதினைந்து வருடமாக நூறு மாணவர்களுக்காவது சொன்ன வாக்கியம் அது. ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. அவர்கள் சிறு குழந்தைகள், செய்து காட்டினால் பார்த்துச் செய்துவிடுவார்கள். செல்லம்மாளுக்கு வார்த்தை வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க இளவரசி தன் முழங்கையையும் மணிக்கட்டையும் தோளையும் கண்ணாடியில் பார்த்து ஆராய்ந்தாள். கனம் தோளிலிருந்து வர வேண்டும். அவளுடைய தோளோ மேலே தூக்கிக்கொண்டு நின்றது, அடி விழப்போகிறவள் தோளைப்போல. ஆறாவது சுரத்துக்கு இரண்டு சுரம் முன்பே அது தூக்கிக்கொள்வதைக் கண்டுபிடித்தாள். விரலை விட்டுவிட்டுத் தோளில் வேலையை ஆரம்பித்தாள். செல்லம்மாளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள். இருவரும் கட்டையில் கை வைக்கும் முன் தோளை இறக்கிவிட்டு மூச்சு விடுவதைப் பார்த்து ஆல்பர்ட், "இன்னாது, மூட்டய எறக்கற மாரி கீது," என்றார்.

ஒன்றரை வருடம் ஆனபோது வெங்கடேசனிடமிருந்து போன் வந்தது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய ஒரு கலைஞருக்கு உடல்நலமில்லை. மூன்று வாரத்தில் கச்சேரி. பெரிய அரங்கம்.

"எனக்கு இன்னும் கை சரியாகல சார்."

"நாலாவது விரலை விட்டுட்டு ஃபிங்கரிங் மாத்தி வாசிங்க. கேக்கிறவங்களுக்கு என்ன தெரியப் போகுது? இப்ப விட்டா உங்க பேரே எல்லாருக்கும் மறந்துடும் இளவரசி."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, நாலாம் விரல் வருகிற இடங்களிலெல்லாம் மூன்றையும் ஐந்தையும் போட்டு மாற்றி எழுதினாள். முழு வேகத்தில் வாசித்தாள். அலாரம் அடித்தபோது, "இன்னிக்கு வேணாம் நைனா," என்றாள். ஆல்பர்ட் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். வாசிப்பு நன்றாகவே ஒலித்தது. அதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது. மூன்றாம் நாள் காலை பழையபடி நாலாம் விரலைக் கட்டையில் வைத்தாள். அது உடனே சுருண்டது, முதல் மாதத்தில் சுருண்டதைப்போலவே.

வெங்கடேசனைக் கூப்பிட்டாள். "நான் வாசிக்கல சார்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமாம் சார். என் கச்சேரிய நானே வைக்கிறேன். அடுத்த வருஷம் பிப்ரவரி, ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, சாயந்திரம் அஞ்சு மணி. நீங்க வரணும்."

"எந்த ஹால்?"

"எங்க தெரு."

இழந்ததைத் திரும்பப் பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தேதியைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்திருந்தாள்.

அதற்கு முன், நவம்பரில், செல்லம்மாள் சென்னைக்குப் போய், வெளிநாட்டு இசைக் கழகம் ஒன்று நடத்தும் பியானோ முதல் நிலைத் தேர்வு எழுதினாள். இந்த யோசனை அவளுடையதுதான். "பரீட்ச இல்லாத படிப்பு இன்னா படிப்பு?" என்று பிடிவாதமாகப் பணம் கட்டச் சொல்லிவிட்டாள். காத்திருப்பு அறையில் ஏழெட்டு வயதுக் குழந்தைகளும் அவர்களுடைய அம்மாக்களும் இருந்தார்கள்.

"பேத்தியக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று ஒரு தாய் கேட்டாள்.

"இல்லம்மா. எனக்குத்தான் பரீட்ச," என்று சொல்லிவிட்டுச் செல்லம்மாள் தன் நோட்டைப் புரட்டத் தொடங்கினாள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் தோளை இறக்கிவிட்டு மூச்சு விட்டாள். வாசிக்க வேண்டிய மூன்று உருப்படிகளில் இரண்டில் தடுமாறினாள். பரீட்சை நடத்திய வெள்ளைக்காரர் பியானோவில் ஒரு சிறு மெட்டை வாசித்து, அதைத் திருப்பிப் பாடச் சொல்லி சைகை காட்டினார். செல்லம்மாள் வயல்வெளியில் பாடும் குரலில் பாடினாள். வெளியே இருந்த குழந்தைகள் திரும்பிப் பார்த்தன. நூற்றைம்பதுக்கு நூற்றெட்டு மதிப்பெண். நூறு எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் தபாலில் வந்த அன்று அவள் அதை வாங்கி, பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்தது எப்போ?" என்றாள்.

பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு. ஷாமியானாக் கடையிலிருந்து நூறு நாற்காலி வந்தது. குழாய்ப் பள்ளம் எப்போதோ மூடப்பட்டு, தெருவில் சிமெண்ட் போட்டிருந்தார்கள். பியானோவை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்து, கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டார்கள். அம்மன் கோயில் திருவிழாவுக்கு அடுத்த தெருவில் ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்தது. பாண்டியன் போய்ப் பேசினான். ஆறரை மணிவரை நிறுத்தி வைப்பதாகச் சொல்லி, ரேடியோ செட்காரரும் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். காலனி முழுவதும் வந்திருந்தது. ஊர்ப்பக்கத்திலிருந்து பள்ளிக்கூட ஆசிரியர்கள் சிலர் வந்தார்கள். வெங்கடேசன் சென்னையிலிருந்து காரில் வந்து, சட்டை வியர்வையில் நனைய நாலாவது வரிசையில் உட்கார்ந்தார்.

இளவரசி முதலில் இரண்டு சிறிய உருப்படிகளை வாசித்தாள். கூட்டம் அமைதியாக இருந்தது. ஆடு ஒன்று மட்டும் இடையில் கத்தியது. பிறகு சொனாட்டா. மேலேறும் வரி நெருங்கியது. தோள் இறங்கித்தான் இருந்தது. இருந்தும் ஆறாவது சுரத்தில் விரல் உள்ளே சுருண்டது.

நடுவிரலைப் போட்டுக் கடந்திருக்கலாம். கை தானாக அதற்குத் தயாராகவும் இருந்தது. அவள் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்தாள்.

வெங்கடேசன் நாற்காலி நுனிக்கு வந்தார். மேடையில் வாசிப்பை நடுவே நிறுத்துவது என்பது கச்சேரி உலகத்தில் எல்லார் முன்னாலும் தடுக்கி விழுவதற்குச் சமம்.

இளவரசி தெருவைப் பார்த்துத் திரும்பினாள். குரல் தெளிவாக இருந்தது. "இந்த எடத்துல என் வெரலு மடங்குது. ரெண்டு வருஷமா இதுக்குத்தான் இங்க உக்காந்துக்கினு கீறேன். அத ஏமாத்திட்டுப் போவ எனக்கு இஷ்டமில்ல. மறுபடி வாசிக்கிறேன்."

பின்வரிசையில் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "அந்த எடந்தான?" "அதே எடம்தான்," என்றார் மற்றவர்.

அப்போதுதான் வெங்கடேசனுக்கு விளங்கியது. இந்தத் தெருவில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த வரி தெரியும். பல் துலக்கும்போதும் துணி துவைக்கும்போதும் கேட்டுக் கேட்டு, எந்தச் சுரத்தில் நிற்கும் என்பதுவரை தெரியும். எந்த அரங்கத்திலும் இப்படி ஒரு கூட்டத்தை அவர் பார்த்ததில்லை.

அவள் நாலு வரி முன்னாலிருந்து எடுத்தாள். கொஞ்சம் நிதானமாக. தோள், முழங்கை, மணிக்கட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது சுரத்தில் நாலாம் விரல் இறங்கி, நின்று, அடுத்ததற்கு வழிவிட்டது. ஓட்டம் மேலே போயிற்று. தெரு முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ "ஆங்!" என்றார்கள். செல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஆல்பர்ட் மட்டும் அசையவில்லை. கைகளை முழங்காலில் இறுக்கிக்கொண்டு, கடைசிச் சுரம் அடங்கும்வரை தரையைப் பார்த்தபடி இருந்தார்.

டீ குடிக்கும்போது வெங்கடேசன் அவளிடம் வந்தார். "அற்புதமா இருந்தது. ஆனா நடுவுல நிறுத்தினீங்களே, சென்னையில அப்படிச் செய்ய முடியாது இளவரசி."

"அப்போ சென்னையில வாசிக்க முடியாது சார்."

அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டீயை முடித்துவிட்டுப் புறப்பட்டுப் போனார். மார்ச் கடைசியில் போன் செய்தார். ஜூலையில் ஒரு தேதி இருக்கிறது, ஐம்பது நிமிடம், அவள் இஷ்டப்படி வாசிக்கலாம் என்றார். இரண்டு நாள் முன்பே வந்து அந்தப் பியானோவில் பழக வேண்டும், நடுவில் நிறுத்த நேரலாம் என்று கேட்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று அவள் கேட்டாள். இரண்டுக்கும் சரி என்றார்.

ஜூலைக் கச்சேரியில் அவள் நிறுத்த வேண்டி வரவில்லை. ஆனால் விரல் இரண்டு இடங்களில் தயங்கியது. அரங்கம் காலியான பிறகு மேடையிலேயே உட்கார்ந்து அந்த இரண்டு இடங்களையும் பென்சிலால் வட்டமிட்டாள். கூட வந்திருந்த ஆல்பர்ட் நாற்காலிகளின் மெத்தையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் இருவரும் செங்கல்பட்டு வழியாக ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறினார்கள். அவளிடம் இப்போது ஏழு பேர் கற்கிறார்கள். செல்லம்மாளுக்கு இரண்டாம் நிலைத் தேர்வு நவம்பரில். வகுப்பு நாலு மணிக்கு. அதற்குள் வீடு போய்ச் சேர்ந்தால், முதலில் வட்டமிட்ட இடத்துக்கு ஒரு பத்து நிமிடம் கிடைக்கும்.